காத்தலும் மறைத்தலும்

சர்வேசுவரனுடைய கிருத்தியங்கள் ஐந்தென்றும், அவை படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன என்றும் சைவசித்தாந்த சாஸ்திரங்கள் வகுத்துக் கூறுவதை நம்மிற் பலர் சிறுபிராயத்திலேயே மனனஞ் செய்துவிடுகிறோம். ஆனால், அவ்வைந்தனுள் நான்கின் தாத்பரியம் ஒருவாறு விளங்கிய பின்னரும், மறைத்தல் என்னும் ஒன்று மாத்திரம், கருணையே திருமேனியாகிய பரம்பொருளுக்கு எவ்வாறு பொருந்தும் என்ற ஐயத்தை உள்ளத்தில் விட்டுச் செல்கிறது. காக்க வல்லவன் காக்கவேண்டும்; வல்லமையும் இருந்து, ஆபத்தும் எதிரே வந்து நிற்க, அவன் கையைக் கட்டிக்கொண்டு வாளாவிருப்பானாயின், அவனைக் கருணையுடையவன் என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது? இந்த வினாவோடு பல காலம் வாழ்ந்த எனக்கு, மெய்கண்ட சாஸ்திரங்களின் உரைகள் காட்டிய வழியிற் பாதியைத்தான் நடக்க முடிந்தது. மீதிப் பாதியைக் காட்டியது, உதைபந்தாட்டத்தில் கோல் காத்து, பின்பு பயிற்றுநராகி மறைந்த ஒருவருடைய ஜீவிய சரித்திரம்.

சமய விசாரத்தில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். நான் இருப்பது பல்லேகல. கண்டி மாநகரிலிருந்து மகாவலியைக் கடந்து திகனைக்கும் தெல்தெனியாவுக்கும் செல்லும் பெருந்தெருவில், தும்பறைப் பள்ளத்தாக்கின் பசுமைக்கிடையே அமைந்துள்ள இவ்வூரை உலகம் அறிவது 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சர்வதேசக் கிரிக்கெட் அரங்கினால். கண்டியின் உயிர்மூச்சாகிய ரக்பிக்கும் திரித்துவக் கல்லூரியார் இங்கே ஓர் அரங்கு வைத்திருக்கின்றனர். உதைபந்தாட்டத்துக்கு இத்தகைய பெருமை எதுவும் இங்கு இல்லை. ஆயினும், மாலை வேளைகளில் வெற்று நிலம் கண்ட இடமெல்லாம், தோட்டங்களுக்குச் சென்றால் பிரட்டுக்களத்திலும், சிறுவர்கள் புத்தகப் பைகளையோ கற்களையோ கோல் கம்பங்களாக நட்டுப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்களுள் எவனும் கோல் காக்க விரும்புவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். எல்லோருக்கும் பந்தைத் துரத்த ஆசை. எவன் மிக இளையவனோ, எவன் மறுத்துப் பேசத் துணிவற்றவனோ, அவனையே பின்னால் நிறுத்துகிறார்கள். அவனும் ஒரு கோல் விழுந்ததும் தன் தண்டனை தீர்ந்ததென்று வேறொருவனை அழைக்கிறான்.

சிறுவர்களின் இவ்வெறுப்புக்குக் காரணம் உண்டு. பதினொருவருள் பத்துப் பேருக்குச் செயலே பெருமை. பதினோராமவனுக்கு மட்டும், ஒன்றும் நிகழாதிருத்தலே பெருமை. இருபத்துநான்கு அடி அகலமும் எட்டு அடி உயரமும் உள்ள வெற்றிடம் ஒன்று அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அது தொண்ணூறு நிமிஷமும் வெறுமையாகவே இருந்துவிட்டால் அவன் வென்றான். அவனுக்கு உடுப்பின் நிறமும் வேறு, விதியும் வேறு; பிறர் கையால் தொட்டால் குற்றமாகும் பந்தை, தண்ட எல்லைக்குள் அவன் ஒருவனே கையால் தொடலாம். எதிரணிக்குத் தண்ட உதை வழங்கப்படும்போது பந்து பன்னிரண்டு யார் தூரத்திலிருந்து ஏறத்தாழ அரை விநாடியில் வந்து சேர்ந்துவிடும். அந்த உதைக்குக் காரணமான தவற்றைச் செய்தவன் பெரும்பாலும் வேறொருவனாயிருப்பான், அதன் பலனை எதிர்கொண்டு தனித்து நிற்பவனோ இவன். பிறர் செய்த கன்மம் வந்து பலிக்கும் ஸ்தானத்திலே நிற்பவன் என்று கோல்காப்பாளனைச் சொல்வது சாஸ்திரப் பரிபாஷைக்குப் பொருந்தாது போனாலும், உண்மைக்குப் பொருந்தும். 1950-ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் முடிவைத் தீர்மானித்த ஆட்டத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா அடித்த பந்தைத் தடுக்கத் தவறிய பிரேசில் நாட்டுக் கோல்காப்பாளர் பார்போசா, அந்த ஒரு கணத்தின் பழியை 2000-ஆம் ஆண்டில் இறக்கும் வரை, ஐம்பது வருஷம் சுமந்தார். பதினொருவர் தோற்ற ஆட்டம் ஒருவருடைய பெயரில் எழுதப்பட்டது.

நான் சொல்ல வந்தவர் பீட்டர் தங்கராஜ். 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தவர். சிக்கந்தராபாத்தின் சிறு கழகங்களில் ஆடிப் பழகிய அவர், 1953-இல் நீலகிரியிலுள்ள வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி நிலையத்திலே சிப்பாயாகச் சேர்ந்தார். கோல்காப்பாளராக அவர் தொடங்கவில்லை என்பது இங்கே முக்கியமானது. கோல் போடுவதையே தொழிலாகக் கொண்ட நடு முன்கள வீரராகத் தொடங்கி, பின்பே கோலுக்கு முன்னால் போய் நின்றார். நின்றபின் பின்வாங்கவில்லை. நெடிய உருவமும் நீண்ட கரங்களும் வாய்த்த அவர், உயர்ந்து வரும் பந்துகளைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பறிப்பதிலே பெயர் பெற்றார். அவர் காத்து நின்ற மதராஸ் ரெஜிமென்ட் நிலைய அணி 1955-இலும் 1958-இலும் டூராண்ட் கிண்ணத்தை வென்றது. இந்தியப் படைப்பிரிவுகளின் கூட்டணி 1960-இல் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது அதன் தலைவர் அவரே. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, நமது இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் கொழும்பில் தொடங்கி 1952 முதல் 1955 வரை ஆண்டுதோறும் ஆடிய நாற்கோணப் போட்டியின் இறுதி வருஷத்தில், டாக்காவிலே, அவர் முதலில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். பின்னர் 1956-இல் மெல்போர்னுக்கும் 1960-இல் ரோமாபுரிக்கும் ஒலிம்பிக் அணியோடு சென்றார். 1958-இல் ஆசியாவின் தலைசிறந்த கோல்காப்பாளர் என்ற கௌரவமும், 1967-இல் அர்ஜுனா விருதும் அவரை அடைந்தன. கல்கத்தாவின் மூன்று பெருங் கழகங்களாகிய முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், கிழக்கு வங்காளம் மூன்றிலும் அவர் ஆடியிருக்கிறார்.

மதராஸ் ரெஜிமென்ட் தன் இலச்சினை வாக்கியமாக வைத்திருப்பது, பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்வதர்மத்தைப் பற்றி வரும் சொற்களை. பதினெட்டு வயதளவில் அந்த வாக்கியத்தின் கீழ் வந்து நின்ற ஓர் இளைஞனுக்கு, கோல் போடுவது ஸ்வதர்மமா, கோலைக் காப்பது ஸ்வதர்மமா? ஸ்வதர்மம் என்பது பிறவியோடு வந்த குணத்தைப் பொறுத்தது என்று கொண்டால், அவர் முதலில் நாடியது முன்களம். வாய்த்த இடத்திலே முழு மனத்தோடு நிற்பதே ஸ்வதர்மம் என்று கொண்டால், அவர் கண்டடைந்தது கோல் முகம். நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். விருப்பத்தினால் தெரிந்தெடுத்ததை மட்டுமே தன் தர்மமென்று மனிதன் சொல்லிக்கொண்டிருப்பானாயின், எவரும் விரும்பாத இடங்கள் எல்லாம் ஆளின்றிக் கிடக்கும். பல்லேகலச் சிறுவர்கள் கல் நட்ட மைதானத்திலும் அதுவே நிகழும். ஆயினும் கீதை சொல்லாமல் விட்ட, அல்லது நான் அதிற் காணத் தவறிய, இன்னொரு கேள்வி உண்டு. கைகளினால் காப்பதைத் தர்மமாகக் கொண்டவனுடைய கைகளை ஒருநாள் காலம் வந்து தளர்த்திவிடுகிறதே, அப்போது அந்த ஸ்வதர்மம் எங்கே போகிறது?

இக்கேள்விக்கு வருமுன், 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோலுக்குத் தோற்ற இந்திய அணி, தாய்லாந்தையும் ஜப்பானையும், அரையிறுதியில் தென்வியட்நாமையும் வென்று, செப்டெம்பர் 4-ஆம் தேதி அதே தென்கொரியாவை இறுதியாட்டத்தில் மறுபடியும் சந்தித்தது. தங்கராஜ் காய்ச்சலால் படுத்திருந்த இடைநாட்களில் கோலைக் காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதியாட்டத்துக்குப் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் எடுத்த முடிவு கடினமானது; அணியை அதுவரை கொண்டுவந்து சேர்த்த பர்மனை வெளியே இருத்தி, நோயிலிருந்து எழுந்த தங்கராஜை உள்ளே அனுப்பினார். தலையில் தையலோடு நின்ற பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு மாற்றியதும் அவர் யோசனையே. அரசியற் காரணத்தால் இந்தியர் மேல் சினங்கொண்டிருந்த பெருங்கூட்டம் ஆட்டம் முழுதும் கூச்சலிட்டு இகழ்ந்தது. முன்கள வீரர் பானர்ஜியும் ஜர்னைலும் முதல் இருபது நிமிஷத்துக்குள் ஆளுக்கொரு கோல் போட்டனர். அதன் பிறகு ஏறத்தாழ அறுபத்தைந்து நிமிஷம் தங்கராஜின் வலைக்குள் எதுவும் புகவில்லை. எண்பத்தைந்தாம் நிமிஷத்தில் ஒன்று புகுந்தது; மற்றொன்று புகவில்லை. தங்கப் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது.

இந்தக் காட்சியில் என் மனம் பன்முறை சென்று நிற்பது, கோலுக்கு முன் நின்ற தங்கராஜிடத்தில் அன்று. வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருந்த ரஹீமிடத்தில். ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர் அவர். புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது; அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் இறந்துபோனார். தாம் அறிந்த அனைத்தையும் சொல்லிக் கொடுத்தாயிற்று. யாரை எங்கே நிறுத்துவதென்று முடிவு செய்தாயிற்று. இனி, கோட்டுக்குள் ஓர் அடி வைக்கவும் மத்தியஸ்தர் அனுமதி வேண்டும். தென்கொரியர் ஒரு கோலைத் திருப்பியபோது அவருடைய உள்ளம் பட்ட பாட்டை நாம் ஊகிக்கத்தான் முடியும். அவர் செய்யக்கூடியதாக அங்கே எஞ்சியிருந்தது, செய்யாதிருத்தல் ஒன்றே. தங்கராஜ் அன்று காத்தார். ரஹீம் அன்று செய்ததற்கு என்ன பெயர்?

பெயர் நம்மிடம் பழைய காலந்தொட்டு இருக்கிறது. மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம், நடராஜ மூர்த்தத்தின் ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு கிருத்தியத்தை உரிமையாக்குகிறது. துடி ஏந்திய கரத்தில் சிருஷ்டி. அபயமாய் அமைந்த கரத்தில் ஸ்திதி. அக்கினி ஏந்திய கரத்தில் சம்ஹாரம். தூக்கிய திருவடியில் அனுக்கிரகம். மறைத்தலாகிய திரோபவத்துக்கு அந்நூல் காட்டும் இடம், நிலத்திலே ஊன்றி நிற்கும் திருவடி. இந்தப் பகுப்பை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கண்டி இராச்சியத்துச் சிற்பக் கைவினைஞர்களின் மரபை 1908-இல் நூலாக்கிய அதே அறிஞர், சிவதாண்டவத்தைப் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையிலே உண்மை விளக்கத்தையே ஆதாரமாகக் கொண்டார். பொலன்னறுவையிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் உள்ள நடராஜ விக்கிரகங்களின் முன் நிற்பவர்கள் வழக்கமாகப் பார்ப்பது வீசிய கரங்களையும் தூக்கிய பாதத்தையுமே. நான் சொல்லுகிறேன், ஒருமுறை ஊன்றிய பாதத்தைப் பாருங்கள். ஆட்டம் முழுவதன் பாரத்தையும் தாங்கி நிற்பது அது. அசையாதது போலத் தோன்றும் அந்த ஓர் அங்கம் பெயருமாயின், காக்கும் கரமும் இல்லை, அருளும் திருவடியும் இல்லை.

மறைத்தல் கைவிடுதலாகுமோ என்ற ஐயத்துக்குச் சித்தாந்தம் தரும் விடை நுட்பமானது. ஆணவ மலம் பக்குவப்பட்டு நீங்கவேண்டுமானால், ஆன்மா உலக அனுபவங்களிலே புகுந்து, இன்ப துன்பங்களை நுகர்ந்து, தன்னால் ஆகக்கூடியதும் ஆகாததும் இன்னவென்று தானே அறியவேண்டும். பரம்பொருள் எந்நேரமும் வெளிப்பட்டு நின்று ஒவ்வொன்றையும் தானே தடுத்தால் அந்த அனுபவம் நிகழாது. ஆதலால் இறைவனது சக்தி திரோதானமாய் நின்று, மலத்தோடு கூடித் தொழிற்படுவதுபோலத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதனாலேயே உமாபதி சிவாசாரியார் அதனை மலங்களோடு ஒருங்கு வைத்து உபசாரமாக எண்ணினார். மலபரிபாகம் வந்த கணத்திலோ, மறைத்து நின்ற அதே சக்தி அருட்சக்தியாகப் பதிகிறது. வேறொரு சக்தி எங்கிருந்தோ வருவதில்லை. சிவஞான போதத்தின் எட்டாஞ் சூத்திரத்தில், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனுக்கு ஒப்பான ஆன்மாவின்முன் இறைவன் எழுந்தருளுவது, காவலனாக அன்று, குருவாக என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். உரைகளில் இதை நான் படித்த காலத்தில், தர்க்கம் ஏற்றது, மனம் ஏற்கவில்லை. கோல்காப்பாளராயிருந்து பயிற்றுநரான ஒருவரை வைத்துப் பார்த்தபோதுதான் மனமும் ஏற்றது.

தங்கராஜ் 1971-இல் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பயிற்றுநரானார். கோவாவின் வாஸ்கோ கழகத்துக்கும், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்து மாணவருக்கும் பயிற்சியளித்தார். சோவியத் ஒத்துழைப்போடு எழுந்த பொக்காரோ உருக்காலையின் உதைபந்தாட்டப் பயிற்சி நிலையத்தில் இளைஞர்களை உருவாக்கினார். ஒரு கோல்காப்பாளன் பயிற்றுநராகும்போது அவன் இழப்பது மற்ற ஆட்டக்காரன் இழப்பதிலும் பெரிது என்பது என் துணிபு. முன்களத்தில் ஆடியவனுக்கு, பிறன் கோல் போடக் கண்டு மகிழ்வது சுலபம். காப்பதையே இருபது வருஷமாகத் தேகத்தின் சுபாவமாக்கிக் கொண்டவனுக்கோ, மூலையை நோக்கிப் பந்து புறப்படும்போதே எங்கே விழும் என்று தெரிந்துவிடுகிறது. தோள் தன்னையறியாமல் சாய்கிறது. தன் மாணவன் ஓர் அடி தவறான பக்கம் நகர்ந்துவிட்டதும் தெரிகிறது. பந்து வலையில் விழுகிறது. அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சியின்போது தானே பந்தை உதைத்து, மாணவன் தடுக்கமாட்டான் என்று அறிந்த இடத்துக்கே மறுபடி மறுபடி அனுப்பி, அந்தத் தோல்வியைத் தானே விளைவிக்கவும் வேண்டும். தாய் நடைபழகும் பிள்ளையின் விரலைப் பிடியிலிருந்து நழுவவிட்டு இரண்டடி பின்னே போய் நிற்பது போன்றது அது. பிள்ளை விழுவதைக் காண்பவர்களுக்கு அவள் விரலை விட்டது தெரியும், அவளுடைய கைகள் நீண்டே இருப்பது தெரியாது.

ஆகவே, கைகளைக் காலம் தளர்த்திய பின் அந்த ஸ்வதர்மம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, அது அபய கரத்திலிருந்து இறங்கி ஊன்றிய திருவடிக்குப் போகிறது என்று விடை சொல்வேன். காத்தல் அழியவில்லை, மறைந்திருக்கிறது. காக்கத் தெரியாதவன் விலகி நிற்பது மறைத்தலாகாது. அவன் விட்டுக்கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. தங்கராஜைப் போல ஜகார்த்தாவின் கூச்சலுக்கு நடுவே காத்து நின்றவன் பின்னொரு நாள் பொக்காரோ மைதானத்தில் கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு நிற்பானாயின், அந்த நிலையில் அறிவும் வலிமையும் அன்பும் மூன்றும் அடங்கிக் கிடக்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பல்லேகலவில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடுவது பாவமாகும். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நமக்கு அடுத்த ஊர்களாகிய திகனையிலும் தெல்தெனியாவிலும், முஸ்லிம் மக்களுடைய கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் கும்பல்களால் தாக்கப்பட்டன. தீயிடப்பட்ட ஒரு வீட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். நாட்டில் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அந்நாட்களில், காக்கும் வல்லமையும் அதிகாரமும் உடையோர் காலத்தே காக்கவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் கூறினர். இதையும் திரோபவம் என்று சொல்லி ஆறுதல் தேட எவரேனும் முற்பட்டால், அதை நான் அங்கீகரிக்க மாட்டேன். ஈசுவரனுடைய கிருத்தியத்தை மனிதனுடைய அலட்சியத்துக்குப் போர்வையாக்குவது சைவமன்று. பயிற்றுநர் தன் கையை விலக்குவது, தன்னிடம் வித்தை பயின்று, நாளை தானே காக்கப்போகும் மாணவனிடத்தில். விளையும் இழப்பு ஒரு கோல். அந்த இழப்பின் வேதனையில் பயிற்றுநருக்கும் பங்குண்டு. அபயம் கேட்டு நிற்கும் அண்டை வீட்டான் நமக்கு மாணவன் அல்லன்; அவனிடத்தில் மனிதர்க்கு விதிக்கப்பட்டது காத்தல் ஒன்றே. குழந்தையின் மரணம், ஊரையே விழுங்கும் மண்சரிவு ஆகியவற்றின் முன் திரோபவம் என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்று என்னைக் கேட்டால், நெடுந்தூரம் செல்லாது என்றே ஒப்புக்கொள்வேன். துயருற்றவரிடம் அதைச் சொல்லவும் நான் துணியேன். என்னளவில் அது நான் என் துன்பத்தை நோக்கும் கண். பிறர் துன்பத்தை விளக்கும் சாஸ்திரம் ஆகாது.

நம் அயலவராகிய பௌத்தர்கள் இந்தச் சிக்கலுக்குள் புகாமலே வேறொரு வாயிலால் அதே முற்றத்தை அடைகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காக்கும் கடவுள் ஒருவரை அவர்கள் தத்துவம் வேண்டுவதில்லை. புத்த பகவான் தம் அந்திம காலத்தில் ஆனந்தரிடம், சீடர்கள் தங்களுக்குத் தாங்களே சரணமாயிருக்க வேண்டுமென்று உபதேசித்ததாகப் பாளி நூல்கள் சொல்லுகின்றன. வழியைக் காட்டியபின் நடப்பவனை அவர் தூக்கிச் செல்லவில்லை. ஆயினும் இதே கண்டியில், தலதா மாளிகையைச் சுற்றி நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் நான்கு நிற்கின்றன. காவல் வேண்டி மக்கள் அங்கே செல்கிறார்கள். வழிகாட்டியவரையும் வணங்கி, காவல் தெய்வங்களையும் வேண்டும் இந்த வழக்கத்தில் முரண் காண்பவர் காணட்டும். மனிதனுக்கு இரண்டும் தேவையென்று அறிந்த ஒரு ஜனசமூகத்தின் விவேகத்தையே நான் அதில் காண்கிறேன்.

பீட்டர் தங்கராஜ் 2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி, தமது எழுபத்துமூன்றாம் பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில், பொக்காரோவிலேயே காலமானார். ஆடிய காலத்தின் புகழ் எழுத்தில் உள்ளது. கிண்ணங்களின் ஆண்டுகளை மேலே சொன்னேன். பயிற்றுவித்த காலத்தில் அவரால் உருவானவர்கள் தடுத்த பந்துகளுக்குக் கணக்கு எவரும் எழுதவில்லை. அவை அந்த மாணவர்களுடைய பெயரிலேயே இருக்கின்றன, அதுதான் முறையும்.

கண்டியிலும் குண்டசாலையிலும் திகனையிலும் ஒரு காலத்தில் பாடசாலைக்காகவோ கழகத்துக்காகவோ போகம்பறை மைதானத்தில் கோல் காத்து, இன்று முழங்கால் நோவோடு வீட்டிலிருப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. மாலையில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள வெற்று நிலத்துக்கோ தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்கோ சென்று பாருங்கள். விருப்பமின்றிக் கற்களுக்கிடையே நிறுத்தப்பட்ட சிறுவன் ஒருவன் அங்கே இருப்பான். அவனுக்குப் பந்தைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே வந்து நில்லுங்கள்.